கடல்தான் வரவில்லை

வெகு வெகு காலத்துக்கு முன், சேறும் சிப்பியுமான ஒரு கரை நாட்டை மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். அவனுக்கு யாரோ ஒரு நாழிகை வட்டிலைப் பரிசளித்துவிட்டார்கள். அன்றே நாட்டைச் சனி பிடித்தது. அடியில் துளையிட்ட அந்தச் செப்புக் கிண்ணம் தண்ணீரில் மூழ்கும் கணக்குப்படிதான் குடிகள் உண்ண வேண்டும், உறங்க வேண்டும். சங்குத்தீவுத் தோணியும் அப்படியே கிளம்ப வேண்டும்.

தோணிக்கு நேரம் குறித்தவர் துறை அதிகாரி நஞ்சுண்டர். ஒரே ஒரு நாள் பல்லக்கில் கரைக்கு வந்தார். பத்தாம் நாழிகையில் தண்ணீர் ததும்பி நின்றதைப் பார்த்தார். "தினமும் பத்து" என்று கல்லில் வெட்டச் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

தோணிக்காரன் சேந்தன் பல்லக்கின் பின்னாலேயே ஓடினான். "ஐயா, கடல் நாளுக்கு ரெண்டு நாழிகை தள்ளித் தள்ளித்தான் ஏறும்!"

"கடலுக்குச் சோம்பல் பழக்கியதே நீங்கள்தானடா" என்றார் நஞ்சுண்டர்.

ஐப்பசியில் ஒரு நாள், தீவில் இருந்த சேந்தனின் தங்கை கோதைக்குப் பிள்ளைவலி கண்டது. மருத்துவச்சி இருந்ததோ அக்கரையில். விடியும்போது தண்ணீர் இருந்தது. கோதையைத் தோணியில் ஏற்றியும் காவலர் கயிற்றை அவிழ்க்க விடவில்லை. பத்தாம் நாழிகை முரசு கேட்டதும் விட்டார்கள். பாதி வழியில் தோணி சேற்றில் குந்திவிட்டது. சேந்தன் இடுப்பளவு சேற்றில் இறங்கித் தள்ளினான். "அண்ணா, இன்னும் எவ்வளவு தூரம்?" என்று இரண்டு தடவை கேட்டாள் கோதை. மூன்றாம் தடவை கேட்கவில்லை.

தோணியைச் சிக்கவைத்து உயிரைப் பறித்தான் என்று ராஜசபையில் அவன்மேலேயே குற்றம் சாட்டினார் நஞ்சுண்டர்.

"குறித்த நேரத்துக்குத்தான் தள்ளினேன், மகாராஜா. கடல்தான் வரவில்லை" என்றான் சேந்தன்.

சபை குலுங்கிச் சிரித்தது. ராஜாவும் சிரித்தான். சிரித்துக்கொண்டே, "கம்பத்தில் கட்டுங்கள்" என்றான். கடல் குற்றவாளிகளுக்கு அந்நாட்டில் அதுதான் தண்டனை: தோணி போகும் ஓடையின் நடுவே உள்ள கம்பத்தில் கட்டிவிடுவார்கள், தண்ணீர் ஏறி மூக்கை மூடும்.

அமைச்சர் இளந்திரையர் மட்டும் சிரிக்கவில்லை. "நாளைக்குக் கடல் எப்போது நிறையும், அதிகாரியாரே?"

நஞ்சுண்டர் கணக்குப் போட்டார். வேறு நேரம் சொன்னால் கல்வெட்டு பொய்யாகும். "ப... பத்தாம் நாழிகை."

"அப்படியே எழுதுவோம். பத்தாம் நாழிகையில் கடல் இவனைக் கொள்ளட்டும். கொள்ளாவிட்டால் பிழை இவனுடையது அல்ல. மகாராஜாவின் வட்டில் பொய் சொல்லாதல்லவா!"

"என் வட்டிலா? ஒருநாளும் சொல்லாது!" என்று முத்திரை வைத்தான் ராஜா.

மறுநாள் சபை முழுவதும் வெறும் சேற்றில் நின்றது. கம்பத்தில் இருந்த சேந்தன் அவர்களைப் பார்க்கவில்லை. கரையில் பாயில் சுருட்டிக் கிடத்தியிருந்த தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். முரசு முழங்கியது. ஒரு நண்டு அவன் பாதத்தின் மேல் ஏறி இறங்கிப் போனது.

"எங்கே ஐயா கடல்?" என்றான் ராஜா. அவன் பாதரட்சை ஒன்று சேற்றுக்குள் போய்விட்டிருந்தது.

நஞ்சுண்டர் தொடுவானத்தைப் பார்த்தார். "கடல்தான்... இன்னும் வரவில்லை, மகாராஜா."

"நேற்று ஒருவன் இதையே சொன்னான்" என்றார் இளந்திரையர். "நாம் சிரித்தோம்."

இன்று யாரும் சிரிக்கவில்லை. ராஜா நெடுநேரம் அந்தப் பாயையே பார்த்தான். பிறகு தன் கையாலேயே சேந்தனின் கட்டை அவிழ்த்தான். "இவரைக் கட்டுங்கள்" என்று நஞ்சுண்டரைக் காட்டினான். சேந்தனிடம் திரும்பி, "உனக்கு என்ன வேண்டும், கேள்" என்றான்.

"இந்தக் கம்பம் வேணும், மகாராஜா" என்றான் சேந்தன். "அவரைக் கட்ட வேண்டாம். கம்பத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு வெட்டுப் போடுங்கள். அதைத் தண்ணீர் தொட்டால் தோணி போகும், அது எந்த நாழிகையானாலும். தொட்டதைப் பார்த்துச் சங்கு ஊத அவர் தினமும் இங்கே நிற்கட்டும்."

அன்று பதினெட்டாம் நாழிகையில் தண்ணீர் வெட்டைத் தொட்டது. முழங்கால் நனைய நின்ற நஞ்சுண்டர் சங்கை ஊதினார். சரியான நேரத்தில் கிளம்பிய முதல் தோணி கோதையைத் தீவுக்குக் கொண்டுபோனது.