வாசலுக்கு வெளியே நின்ற யானைகள்

அது முன்னொரு காலம். ஆற்று வெள்ளத்தில் தத்தளித்தவர்களை முதுகில் ஏற்றிக் கரைசேர்த்த பட்டத்து யானை மேகவண்ணன்மேல் ஒரு நாடே உயிராக இருந்தது. அதைக் கண்ட ராஜாவுக்கு ஓர் ஆசை முளைத்தது. மேகவண்ணனின் பெருமையைச் சொல்லும் படைப்புகளுக்குப் போட்டி வைத்தால் என்ன?

"பாட்டு, படம், பொம்மை, கூத்து எல்லாவற்றையும் ஏற்கலாம், மன்னா," என்றான் அரசவை விகடன் செங்கோடன்.

அவன் ராஜாவுக்கு நெருக்கமான நாள் முதல் மந்திரி நஞ்சுண்டருக்கு வயிற்றெரிச்சல். "சபை சந்தைக்கடை ஆகிவிடும், பிரபு! ஒரே ஒரு வடிவத்தை ஏற்போம். மற்ற எதுவும் கோட்டை வாசலைத் தாண்டக் கூடாது. எந்த வடிவம் என்று செங்கோடனே முடிவு செய்யட்டும். ஆனால், தன்னை ஒதுக்கிவிட்டதாக ஒரு குடிமகன் முறையிட்டாலும் செங்கோடனின் தலை போக வேண்டும்."

ராஜா அன்று விளையாட்டுப் புத்தியில் இருந்தார். "அப்படியே ஆகட்டும்!" என்றுவிட்டார்.

செங்கோடன் யோசித்தபடி வீடு திரும்பினான். பாட்டெழுதிய ஓலையை ஏற்றால் குயவர்கள் கொதிப்பார்கள். மண்பொம்மையை ஏற்றால் புலவர்கள் விடமாட்டார்கள். வீட்டில் மனைவி பொன்னி போட்ட சோறு அப்படியே ஆறியது.

"ராஜா கால்ல விழுந்து கேளுங்களேன்," என்றாள் அவள்.

"சொன்ன சொல்லை அவர் மாத்த மாட்டார், பொன்னி." சொல்லிவிட்டு, அந்தக் கட்டளையின் சொற்களை ஒவ்வொன்றாக முணுமுணுத்துப் பார்த்தான். பிறகு சோற்றை அள்ளிச் சாப்பிட்டுவிட்டுப் பறையறைபவனைத் தேடி ஓடினான்.

போட்டி நாளன்று சபைக்கு ஓர் ஓலைகூட வரவில்லை. திடீரென்று கோட்டைக்கு வெளியே பெருங்கூச்சல் எழுந்தது.

"கேளுங்கள், பிரபு! குடிகள் முறையிடுகிறார்கள்!" நஞ்சுண்டர் துள்ளி எழுந்தார். காவலன் வாளை உருவினான்.

செங்கோடன் காதைத் தீட்டிக்கொண்டான். பறையறைந்து சொல்லிக் கொடுத்ததை ஜனங்கள் மறந்துவிட்டார்களோ? "மன்னா, சாளரங்களைத் திறக்கச் சொல்லுங்கள். என்ன கத்துகிறார்கள் என்று கேட்டுவிட்டு என்னை வெட்டுங்கள்."

ராஜா தலையசைத்தார். சாளரங்கள் திறந்தன.

"மகாராஜா! வெளியே வந்து பாருங்க!"

ஆயிரம் தொண்டைகளிலும் அதே வார்த்தைகள்.

செங்கோடன் மூச்சுவிட்டான். "நான் தேர்ந்த வடிவம் குரல், மன்னா. அது மட்டுமே வாசலைத் தாண்டி வந்திருக்கிறது. மற்றவை தாண்டவில்லை. ஆனால் தாங்கள் தாண்டக் கூடாது என்று கட்டளையில் இல்லையே?"

ராஜாவின் முகம் இறுகியது. எழுந்து வாசலுக்கு நடந்தார். வெளியே வீதி நெடுகிலும் மண் யானை, துணியில் எழுதிய யானை, தோற்பாவை யானை; நடுவே தும்பிக்கை கட்டி ஆடும் கூத்தர்கள். ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார்.

"நஞ்சுண்டரே, யாருக்காவது குறை உண்டா என்று வெயிலில் ஒவ்வொருவராய்க் கேட்டு வாரும்!" என்றார். தம் முத்துமாலையைக் கழற்றிச் செங்கோடனுக்குப் போட்டு, மேகவண்ணன்மேல் அவனை ஏற்றி ஊர்வலம் விட்டார்.

யானை அசைந்த அசைவில் செங்கோடன் அலறினான்: "மன்னா! பரிசு போதும், இறக்கி விடுங்கள்!"

ராஜாவின் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.