வாய்ப்பூட்டு

செம்பொழில் நாட்டுப் பூட்டைப் பார்த்தாலே கள்வர்களுக்கு அழுகை வரும். சுத்தியலால் அடித்தாலும் உடையாது, கம்பி விட்டு நெம்பினாலும் அசையாது. அதன் உள்ளே இருக்கிற இரும்புச் சுருள்வில்லைப் பழுக்கக் காய்ச்சிப் புளித்த மோரில் முக்குவார்கள். அந்த மோர்தான் ரகசியம். அரண்மனைப் பூட்டுச்சாலைக்காரர்களையும் ராஜா வீரகம்பீரரையும் தவிர ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது என்று ராஜா நம்பிக்கொண்டிருந்தார், பாவம்!

திடீரென்று பக்கத்து நாட்டுச் சந்தையில் அதே பூட்டு பாதி விலைக்கு வந்துவிட்டது. மோந்து பார்த்தால் மோர் வாசனைகூட அடித்தது. ராஜா கொதித்துப் போனார்.

"பூட்டுச்சாலைத் தலைவன் பொன்னுரங்கம்தான் விற்றிருப்பான்! சிறையில் தள்ளுங்கள்!" என்றார் மந்திரி தாண்டவராயர். அவருக்கு யாரையாவது சிறையில் தள்ளினால்தான் சாப்பாடு செரிக்கும்.

"ஐயோ மகாராஜா, நான் மூச்சுகூட விடவில்லை!" என்று பொன்னுரங்கம் தரையில் விழுந்தார்.

அவையின் ஓரத்தில் நின்ற விகடகவி வெள்ளியங்கிரி முண்டியடித்துக்கொண்டு முன்னே வந்தார். வரமாட்டாரா பின்னே? வருகிற முகூர்த்தத்தில் பொன்னுரங்கத்தின் மகளைத் தன் மகனுக்குக் கட்டிவைக்கப் பேசி முடித்திருந்தார். சம்பந்தி சிறைக்குப் போனால் கல்யாணம் என்ன ஆவது?

"மகாராஜா, பூட்டுச்சாலைக்கு மதில் இருக்கிறது, காவல் இருக்கிறது, வாசலில் அடையாளச் சொல்லும் கேட்கிறார்கள். வாய்க்குத்தான் பூட்டு இல்லை" என்றார்.

"அப்படியா? நாளைக்குள் வாய்க்கு ஒரு பூட்டு செய்துகொண்டு வாரும்! வராவிட்டால் பொன்னுரங்கத்தோடு நீரும் உள்ளே!"

தாண்டவராயர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி! பொன்னுரங்கத்தின் கையை உடனே கட்டச் சொன்னார்.

வெள்ளியங்கிரி நேரே வீட்டுக்குப் போனார். நாடகக்காரரிடம் இரவல் வாங்கிய மீசையை ஒட்டிக்கொண்டார். ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு பழம் அடுக்கிக்கொண்டு பூட்டுச்சாலை வாசலில் போய் நின்றார்.

"என்ன மாப்ளே, சௌக்கியமா?"

வாயிற்காவலன் பிச்சாண்டி முழித்தான். தாம்பாளத்தோடு வந்து மாப்ளே என்கிறவரை யார் என்று எப்படிக் கேட்பது? மரியாதையாக இருக்காதே!

"வாங்க மாமா, வாங்க. அடையாளச் சொல் மட்டும் சொல்லிடுங்க."

"அதைத்தான் சொல்லி அனுப்பினாங்க, வாயில வரமாட்டேங்குது. கிளி... ஆங், கிளிமூக்கு!"

"கிளி இல்ல மாமா, மயில்தோகை!"

"அட ஆமா, மயில்தோகை!"

"அதேதான். உள்ள போங்க!"

உள்ளே போனவர் உலைக்களத்தில் நின்ற கொல்லரைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார். "ஏம்ப்பா, வில்லைக் கள்ளுல முக்குறீங்களாமே? ஊரே சிரிக்குது!"

"கள்ளா!" கொல்லருக்கு வந்ததே கோபம். "எந்தப் பய சொன்னான்? மோரு ஐயா, மோரு! நல்லாப் புளிச்ச பசு மோரு! இந்தாங்க, குடிச்சுப் பாருங்க!"

வெள்ளியங்கிரி ஒரு குவளை குடித்துவிட்டே வந்தார்.

மறுநாள் அவையில் இதைச் சொன்னதும் ராஜா தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "அடப் பைத்தியங்களா! தப்பாகச் சொன்னால் போதுமா, ஓடி வந்து திருத்திவிடுவார்களா?"

"அதுதான் நம் ஊர்க்காரர்களின் வியாதி மகாராஜா. போன மாதம் பக்கத்து நாட்டு அரண்மனை விருந்துக்குப் போனீர்களே, அங்கே யாராவது நம் பூட்டைப் பற்றித் தப்பாகப் பேசினார்களா?"

"பேசாமல் என்ன! அந்த ராஜாவே, 'உங்கள் பூட்டைக் கள்ளில் முக்குகிறார்களாமே' என்று கேட்டான். சும்மா விடுவேனா? 'கள்ளா! எங்கள் ஊரிலா! சுத்தமான பசு மோர் ஐயா' என்று அங்கேயே..."

ராஜா நிறுத்தினார். அவை முழுவதும் மேலே விதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. தாண்டவராயர்கூடத் தன் கால்விரலை எண்ண ஆரம்பித்துவிட்டார்.

"பொன்னுரங்கத்தை அவிழ்த்து விடுங்கள்" என்றார் ராஜா, மெல்லிய குரலில்.

பொன்னுரங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மகாராஜா, மோரை விட உறுதியான ஒரு பக்குவம் என்னிடம் இருக்கிறது. இன்றைக்கே ஆரம்பிக்கிறேன்" என்று ஓடினார்.

"சரி, வாய்ப்பூட்டு எங்கே?" என்றார் ராஜா, பேச்சை மாற்றி.

"தயார் மகாராஜா. இன்று முதல் பூட்டுச்சாலைக்குப் புது அடையாளச் சொல்."

"என்ன சொல்?"

"சொல்ல மாட்டேன்."

"என்னிடமுமா?"

"சொல்ல மாட்டேன் மகாராஜா."

"என்ன திமிர்!" ராஜா எழுந்தார். தேரைக்கூடப் பூட்டச் சொல்லாமல் பூட்டுச்சாலைக்கு நடந்தே போனார். அவை அவர் பின்னால் ஓடியது.

வாசலில் பிச்சாண்டி வேலைக் குறுக்கே நீட்டினான். "மன்னிக்கணும் மகாராஜா. அடையாளச் சொல்?"

"நான் ராஜா!"

"நேத்து மாமான்னு ஒருத்தர் வந்தாரு மகாராஜா. அதுல பட்டது போதும். சொல்லைச் சொல்லுங்க."

"அந்த வெள்ளியங்கிரி சொன்னால்தானே! எத்தனை கேட்டாலும் 'சொல்ல மாட்டேன்' என்கிறான்!"

பிச்சாண்டி சட்டென்று வேலை விலக்கிக் கும்பிட்டான். "சரியான சொல் மகாராஜா! உள்ள வாங்க!"

ராஜாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்து, கிரீடம் உருண்டு போனதுகூடத் தெரியாமல் சிரித்தார். கல்யாணச் செலவு மொத்தமும் அரண்மனையுடையது என்று அங்கேயே அறிவித்தார். தாண்டவராயருக்குப் பந்தி பரிமாறும் வேலை கிடைத்தது.

ராஜா சிரித்துக்கொண்டே அரண்மனைக்குத் திரும்பினார். புது அடையாளச் சொல் பற்றி ஏற்கெனவே காதில் விழுந்திருந்த ராணி கேட்டாள்: "அப்படி என்ன சொல் அது? என்னிடம் மட்டும் சொல்லுங்களேன்."

ராஜா மார்பை நிமிர்த்திக்கொண்டார்.

"சொல்ல மாட்டேன்!"

ராணி மூன்று நாள் பேசவில்லை.