கண்டதையெல்லாம் கடித்த காவல்காரி

ஆலமரத்தடிப் புற்றில் எறும்புகளோடு சாம்பல் வண்டுகளும் குடியிருந்தன. தீனி வரும் சுரங்கத்தில் உட்கார்ந்து தானியத்தை மென்று கூழாக்கித் தருவது வண்டுகளின் வேலை. அந்தக் கூழ் இல்லாவிட்டால் எறும்புக் குஞ்சுகளுக்குப் பட்டினிதான்!

ஒருநாள் நெல்மணிகளோடு வேறு வண்டுகள் உள்ளே புகுந்தன. அவையும் அதே சாம்பல் நிறம். வந்ததும் வராததுமாகச் சுரங்கச் சுவரைத் துளைக்க ஆரம்பித்தன. சுவருக்கு அந்தப் பக்கம் குஞ்சுகள்!

"வண்டு என்றால் கடி!" என்று கத்தினாள் காவல்காரி கடுப்பி.

காவல் எறும்புகள் கடித்தன. நல்ல வண்டையும் கடித்தன, கெட்ட வண்டையும் கடித்தன. அவசரத்தில் ஒன்றையொன்றும் கடித்துக்கொண்டன.

"அடிப்பாவி! காலையில் உனக்குக் கூழ் கொடுத்தவன் நான்!" என்று அலறியது தொப்பை வண்டு.

"நீயா? அவனில்லையா? ஐயோ, எனக்கு ஒன்றுமே புரியலையே!" என்று விழித்தாள் கடுப்பி.

நல்ல வண்டுகள் தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஓடின. காலியான இடத்தில் கெட்டவை குடும்பத்தோடு குடியேறின. நல்ல காவல்!

துருவி என்ற எறும்பு மட்டும் கடிக்கவில்லை. சுவரைத் துளைத்த வண்டு ஒன்றின் கால்துண்டைப் பொறுக்கிக்கொண்டு மேல் அறைக்கு ஓடினாள். அங்கே ஆயிரம் எறும்புகள் சும்மா இருந்தன. ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறாக ஒரே ஒரு வாசனைதான் தெரியும். அந்தப் புற்றின் வழக்கம் அப்படி.

"இந்த வாசனை தெரியுமா?"

"தெரியாதே!"

"உனக்கு?"

"வேப்பம்பூவா?"

"அட போடி!"

மூன்று நாள் அலைந்தாள். கீழே குஞ்சுகள் வாடிச் சுருண்டன. துருவிக்கு அழுகையே வந்துவிட்டது. நம் குடலில் புதுக் கிருமி புகுந்தாலும், அதை அடையாளம் காணும் அணுவுக்காக உடலுக்குள் இதே தேடல்தான். அதற்குச் சில நாள் பிடிக்கும்.

கடைசியில், மூலையில் தூங்கிய சோம்பி முகர்ந்து பார்த்துத் துள்ளி எழுந்தாள். "இது எனக்குத் தெரிந்த வாசனை!"

சோம்பி தன்னைப்போலவே அந்த வாசனையைக் கண்டுபிடிக்க நூறு பேரைத் தயார் செய்தாள். எல்லாரும் பிசினோடு இறங்கினார்கள். அந்த வாசனை அடித்த வண்டுகள்மேல் மட்டும் பூசினார்கள். கால் ஒட்டிக்கொண்ட வண்டுகளைக் குப்பையோடு உருட்டி வெளியே தள்ளினார்கள்.

மறுநாள் மழைக்கு அதே கூட்டம் மறுபடி வந்தது. சோம்பியின் ஆட்கள் வாசலிலேயே பூசி அனுப்பிவிட்டார்கள். இம்முறை ஒரு குஞ்சுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஆனாலும் கூழ் மென்று தர ஆள் வேண்டுமே! கடுப்பி வெட்கத்தை விட்டுத் தொப்பை வண்டைத் தேடிப் போனாள். "அண்ணே, திரும்பி வாங்க!"

"கடிக்கமாட்டாயே?"

"முகர்ந்து பார்க்காமல் இனி வாயே திறக்கமாட்டேன்!"

எதிரி யார் என்று தெரியாமல் அடிப்பவன், தனக்குச் சோறு போட்டவனைத்தான் முதலில் விரட்டுவான்.