செவ்வாய்க்கிழமை மருந்து

வடிவு உப்புக் கழுவிக்கொண்டிருந்தாள்.

முழங்கை வரைக்கும் தண்ணீர். விரல் இடுக்கில் உப்பு நறநறவென்று புரண்டது. அடியிலிருந்து மண்ணும் களியும் கலங்கி வந்தன. கலங்கலைச் சாய்த்துவிட்டு வேறு தண்ணீர் விட்டாள். மூன்று தடவை கழுவினால்தான் மெஷினுக்கு ஆகும். அழுக்கு உப்பைப் போட்டால் உள்ளே இருக்கிற தகட்டில் வெள்ளையாய்ப் பொருக்குக் கட்டிவிடும்.

இருபது வருஷம் உப்பளத்தில் உப்பு வாரின கை அது. இப்போது கோரைத்துறைக் குடிநீர் நிலையத்தில் அதே உப்பைக் கரைத்து மருந்தாக்குகிறது. கழுவின உப்பைத் தண்ணீரில் கரைத்து, மெஷினுக்குள் விட்டுக் கரண்ட் கொடுத்தால், கிருமியைக் கொல்லும் மருந்துத் தண்ணீர் மறுபக்கம் வரும். அதைச் சொட்டுச் சொட்டாய் ஊர்த் தண்ணீரில் கலந்து விடவேண்டும். அவ்வளவுதான் வித்தை. அதைச் சொல்லிக் கொடுத்தவள் ஜெனோவா.

ஜெனோவாவுக்கு இருபத்தேழு வயது. வடிவுக்கு நாற்பத்தாறு. வேலைக்குச் சேர்ந்த அன்று வடிவு வாய் தவறி “டீச்சர்” என்று கூப்பிட்டுவிட்டாள். வாட்ச்மேன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“ஏ வடிவு, உன் மக வயசுப் பிள்ளை உனக்கு டீச்சரா?”

வடிவு தலையைக் குனிந்துகொண்டாள். அவள் அப்படித்தான். நாலாவது வரைக்கும் படித்தவள். நாலு பேர் நின்றால் வாய் திறக்காதவள். ஆனால் அன்றிலிருந்து டீச்சர் என்றுதான் கூப்பிட்டாள்.

ஜெனோவாவும் பேச மாட்டாள். அது கூச்சம் இல்லை, மூச்சு போதாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த மெஷின் இங்கே கிடையாது. குளோரின் வாயு அடைத்த சிலிண்டர்தான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதன் வாய் விட்டுக்கொண்டது. பச்சையும் மஞ்சளுமாய்ப் புகை தரையோடு ஊர்ந்து, மதிலைத் தாண்டி, அடுத்திருந்த அங்கன்வாடிக்குள் போனது. ஞாயிறாய்ப் போனதால் அங்கே பிள்ளைகள் இல்லை. ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே போய் வாயை அடைத்தவள் ஜெனோவா. அன்று போன மூச்சில் பாதிதான் அவளுக்குத் திரும்பியது. மாடிப்படி ஏற மாட்டாள்.

அந்த அங்கன்வாடியில் இப்போது வடிவின் பேத்தி இருக்கிறாள்.

மெஷின் என்றால் தினமும் உப்புக் கழுவ வேண்டும், ஆள் கூடவே நிற்க வேண்டும். சிலிண்டர் என்றால் திருகி விட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஆபீசில் யாருக்கோ இது உறைத்துவிட்டது. செவ்வாய்க்கிழமை காலையில் லாரி வந்து கதவில் நின்றது. மேலே இரண்டு சிலிண்டர். முன்னால் சப்ளைக்காரர் தனுஷ்கோடி.

ஜெனோவா பம்ப் அறையில் இருந்தாள். சாவி வடிவின் இடுப்பில் இருந்தது.

“கதவைத் தொறம்மா. சாமான் இறக்கணும்.”

“வேண்டாம்.”

“என்னது?”

“அது உள்ள வரவேண்டாம்.”

“யாரு சொன்னா?”

“நாந்தான்.”

“நீ யாரு?”

“உப்புக் கழுவுதவ.”

டிரைவர் ஸ்டியரிங்கில் தட்டிச் சிரித்தான். “அண்ணாச்சி, உப்புக் கழுவுதவ ஆர்டர் போட்டாச்சு. வண்டியைத் திருப்பட்டா?”

“திருப்புங்க,” என்றாள் வடிவு. “அதுக்கு முன்னால இஞ்சினை அமத்துங்க.”

எதற்கென்று தெரியாமல் அவன் அமர்த்தினான். மதிலுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஏழுக்கு அப்புறம் ஒன்பதுக்குப் போனார்கள்.

“கேட்டுதா?” என்றாள். “இப்ப சொல்லுங்க, எங்க இறக்கணும்?”

தனுஷ்கோடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“வெள்ளிக்கிழமை இன்ஜினியரோட வாரேன். அன்னைக்குக் காலையில கரண்டும் கிடையாது, தெரியும்லா? உன் மெஷின் என்னத்தைக் கக்குதுன்னு பாத்துருவோம்.”

லாரி போய்விட்டது. வடிவுக்குத் தன் குரலைத் தானே நம்ப முடியவில்லை. பம்ப் அறைக்கு ஓடி, நடந்ததைச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு முதலிலிருந்து இன்னொரு தடவை சொன்னாள்.

ஜெனோவா கேட்டுக்கொண்டாள். “சரிக்கா. உப்புக் கழுவியாச்சா?”

வெள்ளிக்கிழமை கரண்ட் இல்லை என்றால் என்ன, இன்றைக்கே செய்து வைத்துவிட்டால் ஆயிற்று என்று வடிவு நினைத்தாள். அன்று பொழுது சாயும்வரை மெஷினை ஓட்டினாள். எட்டு வெள்ளைக் கேன் நிறைந்தது. ஒவ்வொன்றாய்ச் சுமந்து மொட்டை மாடியில் வரிசையாக வைத்தாள். உப்பளத்தில் அப்படித்தான். வாரின உப்பை அம்பாரமாய்க் குவித்து வெட்டவெளியில் விட்டுவிடுவார்கள். மழை வந்தால்தான் ஓலை போட்டு மூடுவது. வெயிலில் மாதக்கணக்கில் கிடக்கும், உப்பு உப்பாகவே இருக்கும்.

“எட்டு கேன் சேத்து வச்சிருக்கேன் டீச்சர்.”

“எங்க?”

“பத்திரமா இருக்கு.”

ஜெனோவா இன்னும் ஏதோ கேட்க வந்தாள். இருமல் வந்துவிட்டது. கேள்வி அதோடு போயிற்று.

புதன், வியாழன் இரண்டு நாளும் வடிவு நிமிர்ந்து நடந்தாள். வாட்ச்மேன் கூட வழி விட்டார். கதவில் பேசினதை மனசுக்குள் திரும்பத் திரும்பப் பேசிப் பார்த்தாள். வெள்ளிக்கிழமைக்கும் அது ஆகும்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்குக் கரண்ட் போனது. வடிவு மாடியிலிருந்து நாலு கேனை அவசர அவசரமாய் இறக்கி, சொட்டு விட்டாள். வால்வைத் திறந்து ஊருக்குத் தண்ணீர் விட்டார்கள்.

தண்ணீரை நிலையத்தில் சோதிப்பது ஜெனோவாவிடம் கிடையாது. கடைசிக் குழாயில் பார்க்கவேண்டும் என்பாள். கடைசிக் குழாய் உப்பளக் காலனியில் இருந்தது. வடிவு கண்ணாடிக் குழலை எடுத்துக்கொண்டு போனாள். தண்ணீர் பிடித்து, சோதனை மருந்தில் இரண்டு சொட்டு விட்டாள். மஞ்சள் தட்டினால் அதுவரைக்கும் மருந்து உயிரோடு வந்திருக்கிறது என்று அர்த்தம்.

தட்டவில்லை.

குழலைக் கழுவி மறுபடியும் பிடித்தாள். வெறும் தண்ணீர் மாதிரியே நின்றது.

“என்னட்டி வடிவு, ஏன் இப்படி முழிக்க?” என்றாள் குடத்தோடு நின்றவள். போன மாதம்தான் அவள் மகன் வயிற்றுப்போக்கில் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தான்.

“பிடிச்சதைக் கொட்டிருங்க. யாரும் குடிக்காதீங்க. மதியம் நல்ல தண்ணி வரும்.”

“மதியமா? அதுவரைக்கும் உன் வீட்டுக்கா வர?”

“வாங்க. என் வீட்லயும் இதான்.”

வேகு வேகென்று திரும்பி வந்தாள். ஜெனோவா முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

“கேனை எங்க வச்சிருந்தீங்க?”

“மாடியில.”

“வெயில்லயா?”

“உப்புதான டீச்சர். அதை வெயிலு என்ன செய்யும்?”

ஜெனோவா மாடிப்பக்கம் நிமிர்ந்து பார்த்தாள். எழுந்து போய் வால்வை மூடினாள். பதிவு நோட்டைத் திறந்து, மஞ்சள் இல்லை என்று பெரிதாக எழுதினாள்.

“எழுதணுமா டீச்சர்? இன்ஜினியர் சார் வந்து பாத்தா…”

“பாக்கட்டும்.”

ஊரெல்லாம் தண்ணீர் நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் இன்ஜினியர் போனில் வந்தார். அவர் சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

“யாரைக் கேட்டு வால்வை அடைச்சீங்க? மெஷின் தோத்துட்டு, அதான? பன்னிரண்டு மணிக்கு வண்டியோட வாரேன்.”

“ரெண்டு மணிக்குத் தண்ணி வரும் சார்.”

“கதவைத் திறந்து வைங்க.”

“சாவி வடிவக்காகிட்ட இருக்கு,” என்று ஜெனோவா போனை வைத்தாள்.

பதினொன்றரைக்குக் கரண்ட் வந்தது. வடிவு உப்புத் தொட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கையை உள்ளே விடவில்லை. சாவி இடுப்பில் கல் மாதிரி கனத்தது.

“டீச்சர், ஒண்ணு கேக்கட்டா?”

ஜெனோவா திரும்பினாள்.

“செவ்வாக்கிழமை அந்த ஆளை அப்படிப் பேசினேன். பயமே இல்ல. அதை ரெண்டு நாளா உள்ளேயே வச்சுப் பாத்துக்கிட்டேன், இன்னைக்கு ஆகும்னு. இப்பத் தேடுனா ஒண்ணுமே இல்ல. அந்தத் தைரியம் எங்க போச்சு?”

ஜெனோவா மிச்சக் கேன்கள் இருந்த மாடியைக் கை காட்டினாள். வடிவு மாடிக்குப் போய் ஒன்றைச் சுமந்து வந்தாள். ஜெனோவா மூடியைத் திறந்தாள்.

“மோந்து பாருங்க.”

வடிவு குனிந்து முகர்ந்தாள். மூக்கில் ஏறுகிற அந்த மருந்து நெடி இல்லை. இருபது வருஷம் காலை நனைத்த உப்புப் பாத்தித் தண்ணீர் வாடைதான் வந்தது.

“மூணு நாள் வெயில்ல கெடந்து திரும்பவும் உப்புத் தண்ணியா ஆயிட்டே, டீச்சர்!”

“என்னைக்குச் செஞ்சது?”

“செவ்வாக்கிழமை.”

“ஒழுங்காத்தான செஞ்சீங்க?”

“மூணு தடவை கழுவி, ஒழுங்காத்தான் செஞ்சேன்.”

ஜெனோவா கேனைச் சாய்த்தாள். தண்ணீர் களகளவென்று சாக்கடைக்குள் ஓடியது. கடைசிச் சொட்டு விழும்வரை பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு மூச்சு வாங்கினாள்.

“உப்பு இருக்கு. கரண்ட் வந்தாச்சு.”

இன்னொரு மூச்சு வாங்கினாள்.

“செவ்வாக்கிழமைது செவ்வாக்கிழமைக்கு, அக்கா.”

வடிவு காலிக் கேனை வாங்கினாள். ஒரு தடவை உள்ளே பார்த்துவிட்டு ஓரமாய் வைத்தாள். பிறகு சேலையை முழங்காலுக்குச் செருகிக்கொண்டு, தொட்டிக்குள் இரண்டு கையையும் விட்டாள். முதல் கழுவல், இரண்டாவது கழுவல். மூன்றாவதில் தண்ணீர் தெளிந்து நின்றது. உப்பைக் கரைத்து உள்ளே விட்டாள். மெஷின் உறும ஆரம்பித்தது.

வாசலில் ஹார்ன் அடித்தது. ஒன்றல்ல, இரண்டு வண்டி.

“ஏ வடிவு!” வாட்ச்மேன் குரல். “இன்ஜினியர் சார் வந்து நிக்காரு. சாவியைக் கொண்டா!”

மதிலுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் ஏழுக்கு அப்புறம் எட்டுக்கு வந்திருந்தார்கள்.

வடிவு எழுந்தாள். உப்பு சொட்டும் கையோடு சாவியை இடுப்பில் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கிக்கொண்டாள். கதவைப் பார்த்து நடந்துகொண்டே குரல் கொடுத்தாள்.

“வாரேன் சார், வாரேன்! தொறக்கதுக்கு இல்ல, இன்னைக்கும் ஒரு தடவை வேண்டாம்னு சொல்லுததுக்கு—”