பௌர்ணமிக்குள் பாதி ராஜா

செங்காட்டூர் ராஜா உலகுடைய பூபதிக்கு வெளியில் எதிரி என்று யாரும் கிடையாது. இருந்த ஒரே எதிரி அவருடைய பட்டு அங்கிதான். வருஷா வருஷம் அது இறுகிக்கொண்டே வந்தது. தையல்காரன்தான் துணி திருடுகிறான் என்று ஆளை மாற்றி மாற்றிப் பார்த்தார். ஊஹூம்! புதிதாக வந்தவனும் திருடனாகவே இருந்தான், பாவம்.

அந்த ஊரில் ராஜாவின் பிறந்தநாளுக்குத் துலாபாரம் போடுவார்கள். தராசின் ஒரு தட்டில் ராஜா, மறு தட்டில் வெல்லம். அந்த வெல்லத்தில் ஊருக்கே பாயசம். ராஜா பெருக்கப் பெருக்க ஜனங்களுக்குக் கொண்டாட்டம்! போன வருஷம் கடைத்தெரு வெல்லம் முழுக்கத் தீர்ந்தும் ராஜா தரையைவிட்டு எழும்பவில்லை. வண்டி கட்டிப் போய் வெளியூரிலிருந்து வெல்லம் கொண்டு வரும்வரை மனுஷர் தட்டிலேயே உட்கார்ந்திருந்தார். விருந்துக்கு வந்த மைத்துனர் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மைத்துனர் சிரிப்பை யாரால்தான் பொறுக்க முடியும்?

இந்த வருஷம் பிறந்தநாள் நெருங்கியதும் ராஜா அரண்மனை வைத்தியர் தோணியப்பரைச் சபைக்கு வரவழைத்தார்.

"ஓய் வைத்தியரே! வர்ற பௌர்ணமிக்குத் துலாபாரம். அதுக்குள்ள, பட்டம் கட்டின அன்னைக்கு இருந்த உடம்பு எனக்கு வேணும்."

தோணியப்பருக்குப் பொய் சொல்ல வராது. அதுதான் அவரிடம் இருந்த ஒரே வியாதி.

"மகாராஜா, பௌர்ணமிக்குள்ள அங்கி ஒரு விரற்கடை தளரும். தினம் நடந்து, ராத்திரி நெய்யப்பத்தை நிறுத்தினா, அடுத்த வருஷம் கோயில் படி ஏறும்போது மூச்சு வாங்காது. பட்டம் கட்டின உடம்புக்கு மட்டும் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்."

"ஒரு விரற்கடையா!" ராஜாவின் மீசை துடித்தது.

அந்த நேரம் பார்த்து வச்சிரகாயர் எழுந்தார். வைரம் போன்ற உடம்புக்காரர் என்ற அந்தப் பெயரைத் தனக்குத்தானே சூட்டிக்கொண்ட லேகியக்காரர். ஆள் முருங்கைக்காய் மாதிரி இருப்பார்.

"மன்னா! என் லேகியத்தை உண்டால் பௌர்ணமிக்குள் பாதி உடம்பு கரையும். உடம்பு என் வேலைக்காரன். ஏறு என்றால் ஏறும், இறங்கு என்றால் இறங்கும்!"

"இதுவல்லவோ பேச்சு! இனி இவர்தான் அரண்மனை வைத்தியர். தோணியப்பரே, பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்பும்."

தோணியப்பர் கும்பிட்டுவிட்டுப் பெட்டி கட்டப் போனார். சபை விகடகவி வெயிலுகந்தானுக்கு அது ஆறவில்லை. போன மழைக்காலத்தில் அவன் மனைவி பிரசவத்தில் பிழைத்ததே அந்த மனிதரால்தான். அவரையா துரத்துவது? இருந்தாலும் முகத்தில் காட்டிக்கொள்ளாமல், பல் தெரிய எழுந்தான்.

"மகாராஜா, ரொம்ப சந்தோஷம். ஆனா அரண்மனை வழக்கம் ஒண்ணு இருக்கே. உங்க வாயில போற எதையும் முதல்ல வேற ஒருத்தர் தின்னு காட்டணும். லேகியமும் வாயிலதானே போகுது?"

"அதற்கென்ன, நானே தின்று காட்டுகிறேன்!" என்றார் வச்சிரகாயர்.

"காட்டலாம் சாமி. ஆனா உங்ககிட்ட இறக்கறதுக்கு என்ன இருக்கு? எலும்பைத்தான் இறக்கணும். அதனால நீங்க ஏத்திக் காட்டுங்க. ஏறுன்னா ஏறும்னு சொன்னீங்களே! மகாராஜா என்ன சாப்பிடறாரோ அதையே சாப்பிட்டு, மகாராஜா மாதிரியே சாய்ஞ்சு உட்கார்ந்து, பௌர்ணமிக்குள்ள அவர் எடைக்கு வந்துடுங்க. வந்துட்டா வைத்தியர் பெட்டியை நானே தூக்கிட்டுப் போய் எல்லையில விட்டுட்டு வர்றேன்."

அரண்மனைச் சாப்பாடு, அதுவும் ஓசியில்! வச்சிரகாயருக்கு நாக்கில் எச்சில் ஊறியது. "சம்மதம்" என்றார். ராஜாவுக்கும் அது நியாயமாகவே பட்டது.

பந்தி ஆரம்பித்தது. முதல் நாள் வச்சிரகாயர் ஏப்பம் விட்ட சத்தம் யானைக் கொட்டாரம்வரை கேட்டது. அடுத்த நாள் ஏப்பமும் வரவில்லை. வெயிலுகந்தான் பக்கத்திலேயே நின்று, வெள்ளித் தட்டு நிறைய நெய்யப்பம் வைத்துப் பரிமாறினான். "இன்னும் ரெண்டு நெய்யப்பம் சாமி. இது மகாராஜாவுக்கு வெறும் வாய் நமநமப்புக்குத்தான்." பாவம், மனுஷர் கண் பிதுங்கிவிட்டது. தராசில் உட்காரவைத்தால், எதிர்த்தட்டில் ராஜா உட்கார்ந்ததுமே பழையபடி விர்ரென்று மேலே போய்த் தொங்கினார்.

பிறை வளர்ந்துகொண்டே வந்தது. வச்சிரகாயர் வளரவில்லை. பயம் பிடித்துக்கொண்டது அவருக்கு. ஒருநாள் அப்பத்தை மெல்லாமல் அப்படியே வாயில் அடைக்க ஆரம்பித்தார். எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த ராஜாவுக்குப் பொறுக்கவில்லை. சாப்பாட்டு விஷயத்தில் அவர் பெரிய ரசிகர் ஆயிற்றே!

"யோவ், நிறுத்துமய்யா! இப்படியா முழுங்கறது? உடம்பு என்ன, ஊதினா உப்பற துருத்தியா? நிதானமா சாப்பிடணும். ஒருநாள் விடாம சாப்பிடணும். இந்த உடம்பைச் சேர்க்க எனக்கே பதினெட்டு வருஷம் ஆச்சு! நீர் என்னடான்னா ஒரு பௌர்ணமிக்குள்ள..."

ராஜா பாதியில் நிறுத்தினார்.

வெயிலுகந்தான் நெய்க் கிண்ணத்தோடு அசையாமல் நின்றான். சமையல்காரர்கள் சுவரைப் பார்த்துக்கொண்டார்கள். ராஜா கையிலிருந்த அப்பத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், வெயிலுகந்தானைப் பார்த்தார்.

"அடப்பாவி!" என்றார்.

"நான் ஒண்ணுமே சொல்லலியே மகாராஜா."

அவ்வளவுதான். ராஜா சிரித்த சிரிப்பில் இலை நழுவிப் போய் விழுந்தது. "கூப்பிடு தோணியப்பரை! கட்டின பெட்டியை அவிழ்க்கச் சொல். அந்த ஒரு விரற்கடையை இன்னைக்கே ஆரம்பிக்கலாம்."

தோணியப்பர் ஓடி வந்தார். வந்தவர் முதலில் செய்த வேலை, சுருண்டு கிடந்த வச்சிரகாயருக்கு ஓமத் தண்ணீர் கொடுத்ததுதான். அதைப் பார்த்து ராஜாவுக்கே கண் கலங்கிவிட்டது.

"வெயிலுகந்தா, ஒரு நல்ல மனுஷனை நாட்டைவிட்டு விரட்டப் பார்த்தேன். தடுத்துட்டே. என்ன வேணுமோ கேள், தர்றேன்."

"அந்த வெள்ளித் தட்டு போதும் மகாராஜா."

"அவ்வளவுதானா? எடுத்துக்கோ. இரு, அதுல இருக்கிற நெய்யப்பத்தை எடுத்துடறேன்."

"வேண்டாம் மகாராஜா," என்று தட்டை இழுத்து அணைத்துக்கொண்டான் வெயிலுகந்தான். "நான் கேட்டதே அதுக்காகத்தான்."