இரண்டு டம்ளர் தண்ணீர்

பாளையங்கோட்டையில் ஒரு நூலகத்தின் மாடியில் ஞாயிறுதோறும் கட்டுரை வகுப்பு நடந்துவந்தது. அவரவர் வாழ்க்கையில் நடந்ததை அவரவரே எழுதி வாசிப்பதுதான் பாடம். நடத்தியவள் ஜெசிந்தா. முப்பத்தைந்து வயது இருக்கும்.

அவளிடம் பாடம் கேட்க வந்தவர்களில் சிதம்பரநாதனும் ஒருவர். பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர். மகள் வயதுப் பெண்ணை வாய் நிறைய 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார். அதில் அவருக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

பிறரை எழுத வைப்பது எப்படி என்று கற்கத்தான் அவர் வந்திருந்தார். ஜெசிந்தாவுக்கு மதுரைக்கு மாற்றல் வந்துவிட்டது. அடுத்த மாதத்திலிருந்து வகுப்பு இவர் பொறுப்பு. சிவப்பு மையால் பிள்ளைகளின் எழுத்தைச் சுழித்தே பழகிய மனிதர் அவர். பிள்ளைகள் தன்னைக் கண்டதும் எழுதிய பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டது ஏனென்று ஓய்வுபெற்ற பிறகுதான் அவருக்கு உறைத்தது. இனி யாரையும் திருத்துவதில்லை, பாராட்டு மட்டும்தான் என்று முடிவு கட்டியிருந்தார். சிவப்பு மையை விட்டவர் சர்க்கரைப் பாகைப் பிடித்துக்கொண்டார்.

இந்த நேரம் பார்த்து ஜெசிந்தாவுக்கு அம்மை போட்டுவிட்டது.

"வகுப்ப நீங்க பாத்துக்கோங்க சார்" என்று போனில் சொன்னாள்.

பார்த்துக்கொண்டார்.

அந்த ஞாயிறு செண்பகவடிவு வாசிக்க எழுந்தாள். தாலுகா ஆபீசில் டைப்பிஸ்ட். ஐம்பதைத் தாண்டியவள். அதுவரை ஊரார் எழுதியதையே டைப் அடித்துக்கொண்டிருந்தவள், முதல் தடவையாகத் தான் எழுதிய ஒன்றை நின்றபடி வாசித்தாள்.

ஆபீஸ் வேலையாகத் தூத்துக்குடிக்குப் போயிருந்தாளாம். நல்ல பசி. ஆனால் தனியாக ஒரு ஹோட்டலுக்குள் அவள் நுழைந்ததே கிடையாது. தயங்கித் தயங்கி நுழைந்துவிட்டாள். "கூட ஆள் வாராங்களாம்மா?" என்று சர்வர் கேட்டார். கூச்சத்தில், "வாராங்க" என்று பொய் சொல்லிவிட்டாள். சர்வர் மேசையில் இரண்டு டம்ளர் தண்ணீர் வைத்தார். கட்டுரை அங்கே முடிந்தது.

சிதம்பரநாதன் எழுந்தார். அவள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே, என்ன சொல்வது என்று மனசுக்குள் கோத்து வைத்திருந்தார். முத்து என்றார், மணி என்றார், தாமிரபரணித் தண்ணீர்போலத் தெளிவு என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். செண்பகவடிவு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் உட்கார்ந்தாள்.

அடுத்த ஞாயிறு அவள் கொண்டுவந்த கட்டுரையில் கதிரவன் மேற்கே சாய்ந்தான். புள்ளினங்கள் கூடடைந்தன. வாழ்க்கை என்னும் ஓடம்கூட வந்துபோனது. செண்பகவடிவு மட்டும் அதில் எங்கேயும் வரவில்லை. சிதம்பரநாதன் முன்னைவிடக் கூடுதலாகவே பாராட்டினார்.

அதற்கடுத்த ஞாயிறு அவள் வகுப்புக்கே வரவில்லை. "இனிமே எழுத எங்கிட்ட ஒண்ணும் இல்ல சார்" என்று செய்தி மட்டும் வந்தது.

அவருக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை வருஷம் திட்டி விரட்டியது போதாதென்று, இப்போது பாராட்டியும் விரட்டத் தொடங்கிவிட்டோமே என்று கிடந்து தவித்தார்.

ஜெசிந்தா குணமாகித் திரும்பிய அன்றும் செண்பகவடிவின் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. வகுப்பு முடிந்து எல்லோரும் போனதும் சிதம்பரநாதன் ஜெசிந்தாவின்முன் போய் நின்றார்.

"டீச்சர், ஒரு எழுத்துப் பிழையக்கூட நான் சொல்லல. நல்லாருக்குன்னுதான் சொன்னேன். அதுக்கே நின்னுட்டாங்க. பிறகு எப்படித்தான் ஒருத்தர ஊக்கப்படுத்துறது?"

"முதல்ல என்ன வாசிச்சாங்க, சொல்லுங்க."

சொன்னார். ஒரு வரி விடாமல் சொன்னார்.

"ம்... பிறகு?"

"அவ்வளவுதான். ரெண்டு டம்ளர் தண்ணி வச்சதோட முடிஞ்சிருச்சு."

"அதெப்படி சார் அங்க முடியும்?"

ஜெசிந்தா அவருடைய கேள்வியை அப்படியே விட்டுவிட்டுப் போனை எடுத்தாள். அவருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, ஜெசிந்தா பேசுதேன்."

"டீச்சர், நான்தான் இனிமே வரலன்னு சார்ட்ட..."

"அது கெடக்கட்டும்க்கா. ஆள் வாராங்கன்னு அந்தச் சர்வர்ட்ட சொல்லிட்டீங்கள்லா? யாரும் வரலன்னதும் அவரு என்ன சொன்னாரு?"

சிதம்பரநாதன் போன் பக்கம் குனிந்தார். அந்தப் பக்கமிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது.

"அத ஏன் கேக்கீங்க! அந்த மனுசன் எதிர்ச் சீட்ல யாரையும் உக்கார விடல. 'ஆள் வருது, ஆள் வருது'ன்னு வாரவன் போறவனயெல்லாம் விரட்டுதாரு. எனக்கு மானம் போகுது. வேற வழியில்லாம ரெண்டு ரவா தோசை சொல்லிட்டேன்."

"ரெண்டா?"

"வாரவுகளுக்கும் சேத்துல்லா சொல்லணும்!"

"சரி, ரெண்டாவது தோசை என்னாச்சு?"

"அதையும் நானேதான் சாப்பிட்டேன்." குரல் கொஞ்சம் இறங்கியது. "வீட்ல எல்லாருக்கும் சுட்டுப் போட்டுட்டு, ஆறிப்போனதத்தான் டீச்சர் நான் திம்பேன். அன்னைக்கு ரெண்டும் சூடு. சொல்லக் கூடாது, அவ்வளவு ருசி."

"சர்வர் பாத்துட்டா நின்னாரு?"

"நின்னாரே! பில்லக் கொண்டு வச்சிட்டு அவரு கேட்டாரு பாருங்க ஒரு கேள்வி..."

செண்பகவடிவு சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

"என்னக்கா கேட்டாரு?"

"இருங்க டீச்சர். இத இப்படிப் போன்ல சொன்னா நல்லாருக்காது. வார ஞாயித்துக்கெழம எழுதிக் கொண்டாரேன்."

"அதுக்கு இன்னும் ஒரு வாரம் கெடக்கேக்கா!"

"கெடக்கட்டும், கெடக்கட்டும்" என்று சிரித்தபடியே போனை வைத்துவிட்டாள்.

சிதம்பரநாதனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவசரமாகச் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"புரிஞ்சுபோச்சு டீச்சர். பாராட்டக் கூடாது, கேள்வி கேக்கணும். என்னென்ன கேக்கணும்னு வரிசையாச் சொன்னீங்கன்னா எழுதிக்கிடுதேன். அவுகள ஊக்கப்படுத்துறதுக்கு..."

"நான் எங்க சார் ஊக்கப்படுத்துனேன்?" ஜெசிந்தா இன்னும் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தச் சர்வர் என்ன கேட்டிருப்பாருன்னு எனக்கு மண்டையக் குடையுது. உங்களுக்கு இல்லியா?"