பேர் கேட்காத அன்னக்கனியார்

பொழுது விடியுமுன்னே உப்பளத்தில் இறங்கிவிடுவார் அன்னக்கனி அம்மையார். பாத்திக்குள் நின்று, நீளக் கம்பில் கோத்த பலகையால் உப்பை வாரி வரப்பில் ஒதுக்குவது அவருக்கு வாய்த்த வேலை. உப்புத் தண்ணீரில் குதிகால் வெடிக்கும். வெயில் ஏறினால் பாத்தியின் வெள்ளை கண்ணைப் பிடுங்கும். அப்போதெல்லாம் அவர் வாயில் வருவது ஒரே சொல்: "ஐயா."

அந்த ஐயா இருந்த இடம், லாரித் தடத்தை ஒட்டிச் சுண்ணாம்பு பூசிக் கிடந்த ஒரு மண்மேடு. இடுப்பளவு உயரம். சிலையும் கிடையாது, எழுத்தும் கிடையாது. முனியசாமி என்று சிலர் செவ்வாய்க்கிழமை கும்பிட்டார்கள். கடல் ஒதுக்கிய இறைநேசர், அவுலியா ஒருவர் அங்கே அடங்கியிருக்கிறார் என்று சிலர் வியாழக்கிழமை பாத்திஹா ஓதிச் சர்க்கரை வைத்தார்கள். அம்மையாருக்கு எல்லா நாளும் நாள்தான். வேலை முடிந்து கால் கழுவி, அந்தியில் விளக்கேற்றுவார். செவ்வாய் என்றால் திருநீறு பூசிக்கொள்வார். வியாழன் என்றால் முக்காடு போட்டுக்கொள்வார். எது சரி என்று தெரியாததால் இரண்டையும் செய்துவந்தார்.

"மேட்டுக்கு வாக்கப்பட்டவ வாரா பாரு" என்று பாத்திக்காரிகள் சிரிப்பார்கள். கணவர் கடலுக்குப் போய்த் திரும்பாத அன்றைக்கும் அவர் விளக்கோடு நடந்தார். "இன்னைக்குமாக்கா?" என்றாள் ஒருத்தி. "அவுக இருட்டுல வந்தா வழி தெரியணும்லா" என்றார். கணவர் வரவில்லை. விளக்கு நிற்கவில்லை. வருசம் போகப்போகப் பாத்தியின் வெளிச்சம் அம்மையார் கண்ணைத் தின்றது. ஆள் தெரியும், முகம் தெரியாது என்றாயிற்று.

அப்போதுதான் லாரித் தடத்தைத் தார்ச்சாலையாக்க அரசாங்கம் முடிவு செய்தது. வருவாய் ஆய்வாளர் வந்து மேட்டைச் சுற்றி நடந்தார். நல்ல மனிதர்.

"கோயில்னா அறநிலையத்துறைக்கு எழுதுறேன். தர்கான்னா வக்ஃபு வாரியத்துக்கு எழுதுறேன். ரெண்டுல எதுன்னாலும் கூரையும் விளக்கெண்ணெய்க்கு வழியும் கிடைக்கும். ரெண்டும் இல்லேன்னா இது வெறும் புறம்போக்கு. இடிக்கிறதத் தவிர எனக்கு வேற வழியில்ல. தினம் விளக்கு வைக்கிறது யாரு? அவங்க சொல்லட்டும்."

அன்று சாயங்காலமே மேஸ்திரி தங்கப்பாண்டி குடிசைக்கு வந்தார். அம்மையாருக்கு வேலை கொடுப்பவர் அவர்தான். "முனியசாமின்னு ஒரு வார்த்தை சொல்லிரு தாயி. மத்தத நான் பாத்துக்கிடுதேன்." அவர் போன கையோடு லாரிக்காரர் செய்யது பாவா வந்தார். மழைக்காலத்தில் உப்பளம் மூடிக் கிடக்கும்போது அம்மையாருக்கு அரிசி அனுப்புகிறவர். "அவுலியான்னு சொல்லும்மா. உனக்குத் தெரியாததா?"

அம்மையாருக்குத் தெரியாது. அதுதான் சங்கடம். ஒன்றைச் சொன்னால் மேடு பிழைக்கும். ஆனால் தெரியாததைத் தெரியும் என்று எப்படிச் சொல்வது? மேட்டருகே போய் உட்கார்ந்து, "நீங்க யாருய்யா?" என்று முதன்முதலாகக் கேட்டார். காற்றுதான் அடித்தது. கேட்டது தப்போ என்று வேறு மனது கிடந்து உழன்றது.

விசாரணை நாளில் அந்த உப்பளத்து வழக்கப்படி அவர் உள்ளங்கையில் ஒரு பிடி உப்பை வைத்தார்கள். உப்பை வைத்துக்கொண்டு பொய் சொன்னவர் மறுபடி பாத்தியில் இறங்கமாட்டார்.

"யார் சாமிம்மா இது?" என்றார் ஆய்வாளர்.

"தெரியலய்யா."

"இத்தனை வருசமா கும்பிடுறீங்க?"

"ஐயான்னு கூப்பிடுவேன். திரும்பிப் பாக்குற மாதிரி இருக்கும். பேரு கேக்கணும்னு தோணலியே."

"கெடுத்தியே, கிறுக்கச்சி" என்று தங்கப்பாண்டி தலையில் கைவைத்தார். பாவா லாரியில் ஏறிப் போய்விட்டார். ஆய்வாளர் மேட்டை இன்னொரு முறை சுற்றி நடந்துவிட்டு, தாளில் புறம்போக்கு என்று எழுதினார்.

மறுநாள் இயந்திரம் வந்து மேட்டை வழித்துச் சமப்படுத்திவிட்டுப் போனது. உள்ளே எலும்பும் இல்லை, சூலமும் இல்லை. அடுக்கடுக்காகக் கரி பிடித்த அகல் ஓடுகள்தான் இருந்தன. பார்க்க வந்த இரு தரப்புக்கும் அதை என்னவென்று எடுத்துக்கொள்வதென்று புரியவில்லை. கலைந்து போனார்கள்.

அந்தியில் அம்மையார் விளக்கோடு வந்தார். தடம் முழுக்கச் சமமாக, ஒரே வெள்ளையாகக் கிடந்தது. கண்ணும் உதவவில்லை, காலுக்கும் அடையாளம் கிட்டவில்லை. முன்னே நடந்தார், பின்னே வந்தார், சுற்றினார். நான் உப்பைப் பிடித்துச் சொன்னது சரியா, என் வாயாலேயே அவரைத் தொலைத்துவிட்டேனா என்று கலங்கி நின்றார்.

"இங்கிட்டு வா தாயி" என்று ஒரு குரல் கூப்பிட்டது. "இன்னும் ரெண்டு எட்டு. அங்கனதான், வை."

வைத்துவிட்டு வீடு திரும்பினார்.

விடியற்காலை பாத்திக்கு வந்தவர்கள், கடற்காற்று அடித்துக்கொண்டிருந்த அந்த வெட்டவெளியில், மேடு இருந்த அதே இடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருப்பதைக் கண்டார்கள். ஒரு பொழுதுக்கு ஊற்றிய எண்ணெய் குறையாமல் நின்றது. தங்கப்பாண்டியும் பாவாவும் ஒன்றாகவே அம்மையாரிடம் ஓடினார்கள். ஒரு குரல் கூப்பிட்டு இடம் காட்டியதை அவர் சொன்னார்.

"கூப்பிட்டவரு தொப்பி போட்டிருந்தாராம்மா?"

"கண்ணு தெரியலியே வாப்பா."

"நெத்தியில திருநீறு? கையில அருவா, ஏதாவது?"

"முகமே தெரியல அண்ணாச்சி."

"பேரையாவது கேட்டியா தாயி?"

அம்மையார் சற்று யோசித்தார். பிறகு வெட்கப்பட்டுச் சிரித்தார். "குரலைக் கேட்ட சந்தோசத்துல அதக் கேக்க மறந்துட்டேன் அண்ணாச்சி."

சாலை வந்தது. அந்த இடத்தில் மட்டும் அது சற்று வளைந்து போகிறது. அப்படிப் போடச் சொன்னது யாரென்று ஆய்வாளரும் சொல்லவில்லை, எந்தத் துறையும் சொல்லவில்லை. கூரை வரவில்லை, எண்ணெய்க்கு உதவியும் வரவில்லை. விளக்கு மட்டும் இருக்கிறது. அறியாததை அறிந்ததாகச் சொல்லாத அன்னக்கனியாரின் வெடித்த பாதங்களுக்கு நம் வணக்கம்.